டெல்லிக்கு வழி கேட்ட வாத்தியாருக்கு

சார், நீங்க கேட்டது லேசுப்பட்ட கேள்வி இல்ல. போளூருக்கு எந்தப் பஸ்ஸு, திருப்பத்தூருக்கு எந்தப் பஸ்ஸுன்னு கேட்டிருந்தா ஒக்காந்த எடத்துலேருந்தே கையைக் காட்டியிருப்பேன். நீங்க என்னடான்னா, மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒருத்தரு நாட்டுக்கே கல்விக் கொள்கை எழுதற நாற்காலிக்கு எப்படிப் போவறதுன்னு கேக்குறீங்க. அதுக்கு இந்தக் கெழவன்தான் கெடச்சானா? சரி, கேட்டுட்டீங்க. எனக்குத் தெரியாதுன்னு மட்டும் நெனைச்சுடாதீங்க. உண்டு உறைவிடப் பள்ளியில ராக்காவல் பாத்தவன் நான். நூலக பீரோ சாவி என் இடுப்புலதான் தொங்கும். வேல பாத்த காலம் பூரா ஒரு சாரும் அந்தச் சாவியக் கேட்டதில்ல. கரையான் தின்னுட்டா நம்மகிட்டதானே கணக்கு கேப்பாங்கன்னு பயந்து, கரையானுக்கு முந்தி நானே படிச்சு முடிச்சேன்.

மொதல்ல நம்ம பக்கத்து ஆளையே எடுத்துக்குவோம். மால்கம் ஆதிசேஷையா. 1910-ல வேலூர்ல பொறந்தவரு. அமிர்திப் பக்கம் எறங்கினா வேலூர்தானே, அதனால பாதி நம்ம ஊருக்காரருன்னு சொந்தம் கொண்டாடிக்கலாம். பொருளாதார வாத்தியாரு. கல்கத்தாவுல செயின்ட் பால்ஸ் காலேஜ், அப்புறம் தாம்பரத்துல கிறிஸ்தவக் கல்லூரி. 1946-ல பாடம் நடத்தறதை விட்டுட்டு ஜெனீவாவுக்குக் கெளம்பினாரு. ரெண்டு வருசத்துல யுனெஸ்கோ, பாரிசு. 1963-லேருந்து 1970 வரைக்கும் அங்க துணைத் தலைமை இயக்குநரு. திரும்பி வந்து, மனைவி எலிசபெத்தோட சேந்து 1971-ல சென்னை அடையாத்துல வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணு ஆரம்பிச்சாரு. 1975-லேருந்து 78 வரைக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரு. பிளஸ் டூ படிப்பையும் அதுல தொழிற்கல்வியையும் ஆராயச் சொல்லி மத்திய அரசு போட்ட குழுவுக்கும் அவருதான் தலைவரு. 1978-ல அறிக்கை குடுத்தாரு.

வழி புரிஞ்சிச்சா? வேலூர், கல்கத்தா, தாம்பரம், ஜெனீவா, பாரிசு, அடையாறு, டெல்லி. நானும் வெரல் விட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், நடுவுல நம்ம மலை ஜமுனாமரத்தூர் வரவே இல்ல.

அந்த அறிக்கையில அவரு சொன்னது, படிப்பும் கைவேலையும் சேந்து போவணும், கிராமத்துல இருக்கற தொழிலையும் பாடமா வைக்கணும்னு. நல்ல மனுசன் எழுதினது, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எங்க பயலுக்குத் தொழிற்கல்வின்னா அதுக்குக் கமிட்டி எதுக்கு சார்? சாமை அறுக்கறது, புளி ஒலுக்கறது, தேன் எடுக்கறதுன்னு நடக்க ஆரம்பிச்ச நாளுலேருந்து அவனுக்குச் செய்முறைத் தேர்வுதான். மார்க்கு போடத்தான் ஆளில்ல. இன்னொண்ணும் இருக்கு. மேல ஒக்காந்திருக்கறவங்க ரொம்பப் பிரியமா ‘தொழில்’னு பேச ஆரம்பிச்சா கீழ இருக்கறவனுக்கு முதுகு அரிக்கும். 1953-ல ராஜாஜி கொண்டாந்தாரே, பள்ளிக்கூடம் அரை நாளு, மிச்ச நேரம் அப்பன் தொழிலக் கத்துக்கோன்னு. ஊரே குலக்கல்வின்னு கொதிச்சுது. மறு வருசம் காமராஜர் வந்து அதைத் தூக்கி எறிஞ்சாரு.

அங்கதான் வேடிக்கை. ராஜாஜி பெரிய படிப்பு படிச்ச வக்கீலு. காமராஜரு பள்ளிக்கூடத்த முடிக்கவே இல்ல. அந்த முடிக்காத ஆளு ஊரூருக்குப் பள்ளிக்கூடம் திறந்தாரு, மத்தியானச் சோறும் போட்டாரு. அவருக்குக் கையா காலா நின்னவரு நெ. து. சுந்தரவடிவேலு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய்த் தணிக்கை பண்ற ஆய்வாளரா இருந்து, பொதுக்கல்வி இயக்குநரா ஒசந்தவரு. டெல்லிக்குப் போவாமலே டெல்லியப் பின்னாடி வரவச்ச வேல அது. மத்தியானச் சோத்த நாடு பூரா போட ஆரம்பிச்சது எப்பன்னு பாருங்க, 1995. நம்ம ஊர்ல 1956. ஆனா ஒங்களுக்கு டெல்லிதான் வேணும், நான் குறுக்க பேசல.

டெல்லி வரிசைன்னா திருத்தணிக்காரருதான் மொத ஆளு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவரும் நம்ம வேலூரு ஊரீசு கல்லூரியில கொஞ்ச காலம் படிச்சவரு. 1909-ல சென்னை மாநிலக் கல்லூரியில தத்துவ வாத்தியாரா சேந்தாரு. 1918-ல மைசூரு, 1921-ல கல்கத்தா, அப்புறம் ஆந்திரப் பல்கலைக்கழகம், ஆக்ஸ்போர்டு, காசி. மைசூரைவிட்டுக் கெளம்பினப்ப, பசங்க குதிரையை அவுத்து விட்டுட்டு வண்டியத் தாங்களே ரயிலடி வரைக்கும் இழுத்துக்கினு போனாங்கன்னு சொல்வாங்க. ஒங்களுக்கும் அந்த மரியாதை நடக்குது சார். மேட்டுல ஒங்க பைக்கு நின்னுபோறப்பல்லாம் அஞ்சாங்கிளாஸ் பசங்க பின்னாடிலேருந்து தள்ளறானுங்களே. அது வாத்தியாரு போறாருன்னு இல்ல, வரணுமேன்னு தள்ளறது. அந்த வித்தியாசத்த மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

1948-ல அவரு தலைமையில பல்கலைக்கழகக் கல்விக்கு ஆணையம் போட்டாங்க, மறு வருசம் அறிக்கை. யு.ஜி.சி.ன்னு இன்னிக்குச் சொல்றாங்களே, அதுக்கு வெத அங்கதான். அடுத்தது 1952, உயர்நிலைப் பள்ளிக்கு. அதுக்குத் தலைவரு ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். பிரசவ வைத்தியத்துல அவரு எழுதின புஸ்தகத்த டாக்டருக்குப் படிக்கிற பசங்க இன்னிக்கும் வச்சிருக்காங்க. 27 வருசம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்தவரு. கொயந்தைய வெளிய கொண்டாந்த கையே, அதைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பி வச்சா தப்பா? தப்பில்ல. மூணாவதா 1964-ல கோத்தாரி. டெல்லிப் பல்கலைக்கழகத்துல இயற்பியல் வாத்தியாரு. அவரு கமிட்டிதான் ஒண்ணாங்கிளாஸ்லேருந்து மேல வரைக்கும் மொத்தமாப் பாத்தது.

வரிசைய கவனிச்சீங்களா? மொதல்ல காலேஜு, அப்புறம் ஹைஸ்கூலு, கடைசியில ஒண்ணாங்கிளாஸு. கூரைய வேஞ்சிட்டு, செவுரு வச்சு, கடைசியாக் கடகால் தோண்டின கதை. அரசியல் சட்டம் 1950-லயே சொல்லிச்சு, பத்து வருசத்துல பதினாலு வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வின்னு. 1960 வந்துச்சு. மலைக்கு வந்துச்சான்னு கேக்காதீங்க, காலண்டர்ல வந்துச்சு.

கோத்தாரி கமிட்டியில 17 பேரு. அதுல ஜப்பான்காரர் இருந்தாரு, ரஷ்யாக்காரர் இருந்தாரு, பிரான்சு, இங்கிலாந்து, அமெரிக்கா எல்லாம் இருந்துச்சு. ஒண்ணாங்கிளாஸுக்கு மூக்குச் சிந்தி விடற வாத்தியாரு யாராச்சும் இருக்காரான்னு பேரு பேராத் தேடினேன், கண்ணுல படல. ஆனா எழுதினது பொன்னு. 1966 ஜூன்ல குடுத்த அறிக்கையில, தேச வருமானத்துல நூத்துக்கு ஆறு பங்கு படிப்புக்குப் போவணும்னு சொன்னாங்க. கலெக்டர் புள்ளையும் காட்டுக்காரன் புள்ளையும் ஒரே பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிக்கணும்னாங்க. 1968-ல மொதல் தேசியக் கல்விக் கொள்கை வந்துச்சு, அதுலயும் ஆறு. 1986-லயும் ஆறு. 2020-ல வந்த கொள்கையிலயும் அதே ஆறு. மத்த வெலையெல்லாம் எங்கயோ போயிடுச்சு, இந்த நாட்டுல வெல ஏறாத சாமான் அந்த ஆறு ஒண்ணுதான். யாரும் வாங்கல, அதான் ஏறல.

1986-ன்னதும் ஞாபகம் வருது. அந்த வருசம் ஜனவரி 6-ஆம் தேதி பிரதமரு ராஜீவ் காந்தி நம்ம காவலூருக்கு வந்தாரு. வேணு பாப்புன்னு பேரு வச்சாங்களே அந்தப் பெரிய தொலைநோக்கி, 93 அங்குலக் கண்ணாடி, அதுக்காக. ஆசியாவுலயே பெருசுன்னாங்க. பல கோடி மைலுக்கு அந்தண்ட ஒரு நட்சத்திரம் கண் சிமிட்டினா அதுல தெரியுமாம். பிரதமரு வந்தாரு, வானத்தைப் பாத்தாரு, எறங்கிட்டாரு. அதே வருசம் மே மாசம் புதுக் கல்விக் கொள்கை. மலையேறி வந்த மனுசன் தலையைக் கொஞ்சம் கீழ குனிஞ்சிருந்தா, கண்ணாடி இல்லாமலே ஒரு பள்ளிக்கூடம் தெரிஞ்சிருக்கும்.

ஆனா சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கொள்கையில நம்மளப் பத்தி எழுதியிருந்தாங்க. பழங்குடிப் பிள்ளைங்களுக்கு உறைவிடப் பள்ளிங்க வேணும், படிச்ச பழங்குடி இளைஞருங்களை அவங்க பகுதியிலயே வாத்தியாரா வைக்கணும், ஆரம்பத்துல அவங்க பேசற பேச்சுலயே பாடம் இருக்கணும். எல்லாம் இருக்கு. மறு வருசம் கரும்பலகைத் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. சின்னப் பள்ளிக்கூடம்னாலும் ரெண்டு ரூமு, ரெண்டு வாத்தியாரு, அதுல ஒருத்தர் பொம்பளையா இருந்தா நல்லது, கரும்பலகை, வரைபடம், வெளையாட்டுச் சாமான். 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டமும் அதையேதான் சொல்லுது, 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு வாத்தியாருன்னு. நீங்க போய் எழுதணும்னு ராத்திரியில தூக்கமில்லாம பொரள்றீங்களே, அது எல்லாத்தையும் எழுதி, கையெழுத்து போட்டு, அச்சடிச்சு, பீரோவுல வச்சாச்சு. நான் படிச்சேன்.

அதனால எழுதப் புதுசா என்ன இருக்குன்னு கேக்கல. ஒங்க ஆசைய எதுக்குக் கெடுக்கணும்? வழியச் சொல்றேன். நாற்காலியில யார் யாரு ஒக்காந்தாங்கன்னு பாருங்க. 2016-ல கொள்கைக்கு அறிக்கை குடுத்த குழுவுக்குத் தலைவரு டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன், ஐ.ஏ.எஸ். அதிகாரி. அதுக்கடுத்து கஸ்தூரிரங்கன், விண்வெளி விஞ்ஞானி. நம்ம மாநிலத்துக் கொள்கைக்கு 2022-ல போட்ட குழுவுக்கு முருகேசன், நீதிபதி. அந்தக் குழுவுல செஸ்ஸு ஆனந்து இருந்தாரு, பாட்டு டி. எம். கிருஷ்ணா இருந்தாரு. சிரிக்காதீங்க, நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரும் இருந்தாரு. ஆக வழி இல்லாம இல்ல. ஆனா மொதல்ல செஸ்ஸு கத்துக்கறது சுலபமா, தலைமையாசிரியர் ஆவறது சுலபமான்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

முந்தியெல்லாம் இன்னொரு கதவு இருந்துச்சு. மேல்சபை. வாத்தியாருங்களே ஓட்டு போட்டு வாத்தியாருங்களை அனுப்பலாம், பன்னண்டுல ஒரு பங்கு எடம். அரசியல் சட்டத்துலயே இருக்கு. ஆனா ஓட்டு போடறவரு ஹைஸ்கூலுக்குக் கொறையாத எடத்துல பாடம் நடத்தறவரா இருக்கணும். அனா ஆவன்னா சொல்லிக் குடுக்கறவருக்கு ஓட்டு கெடையாது. எழுத்து கத்துக்குடுத்தவனுக்கு எழுத்துல எடம் இல்ல. அந்த மேல்சபையையும் 1986-லயே நம்ம ஊர்ல கலைச்சுட்டாங்க. ஒங்களுக்கு ஓட்டு இல்லாத சபை போனா ஒங்களுக்கென்னன்னு விட்டுட வேண்டியதுதான்.

இப்ப இருக்கற ஏணி வேற. மொதப் படி, கருத்தாளரு. வட்டார வளமையத்துல பயிற்சின்னு கூப்புடுவாங்க. போய் நல்லாப் பேசுங்க, ஆனா ரொம்ப நல்லாப் பேசிடாதீங்க, அடுத்த தரம் கூப்புட மாட்டாங்க. ‘பசங்களுக்குப் படிக்க வரல’ன்னு சொல்லக்கூடாது, ‘கற்றல் அடைவுல இடைவெளி’ன்னு சொல்லணும். ‘வாத்தியாரு பத்தல’ன்னு வாயைத் தொறக்கவே கூடாது. ரெண்டாவது படி, மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம். மூணாவது படி, பாடநூல் குழு. சென்னையில கல்லூரிச் சாலை, டி.பி.ஐ. வளாகம், இப்ப அதுக்குப் பேரு பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம். அங்க டீ நல்லா இருக்குமாம், போனவங்க சொன்னாங்க. அதுக்கப்புறம் செப்டம்பர் 5 நல்லாசிரியர் விருது, அதுல ஒரு போட்டோ, போட்டோவைப் பாத்து ஒரு அழைப்பு, டெல்லி. ஒவ்வொரு படியும் மாத்துப்பணி சார். பேரு இந்தப் பள்ளிக்கூடத்துச் சம்பளப் பட்டியல்ல இருக்கும், ஆளு படியில இருப்பாரு. மலையில காலிப் பணியிடம்னு கணக்குலயே வராது. அதுதான் அந்த ஏணியோட அழகு.

இன்னொரு வழியும் பீரோவுல படிச்சேன், ஆனா அதுல ஆளு போவாது. அதனால ஒங்களுக்குப் பிடிக்குமோ என்னமோ.

ஆந்திராவுல மதனப்பள்ளிப் பக்கம் ரிஷிவேலின்னு ஒரு பள்ளிக்கூடம். பணக்காரப் பிள்ளைங்க படிக்கிற எடந்தான். ஆனா சுத்துப்பட்டு கிராமத்துல அவங்களே சின்னச் சின்ன ஓராசிரியர் பள்ளிக்கூடமும் நடத்தினாங்க. அங்க வேல பாத்த பத்மநாப ராவும் ராமாவும் புருசன் பொண்டாட்டி. ஒரே ரூமு, ஒரே வாத்தியாரு, எல்லா வயசுப் பிள்ளையும் கலந்துகட்டி. ஒங்க கஷ்டமேதான் சார், பேரு மட்டும் தெலுங்கு. அவங்க யோசிச்சாங்க, வாத்தியாரு எல்லாருக்கும் ஒரே நேரத்துல பேச முடியாதுன்னா, பாடத்தையே துண்டு துண்டா அட்டையில எழுதிட்டா என்னன்னு. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு படம், குருவி, முயலு மாதிரி. செவுத்துல ஏணிப்படம் ஒண்ணு மாட்டியிருக்கும். புள்ள வரும், தன் படியைப் பாக்கும், தனக்கான அட்டையத் தானே எடுக்கும், பாயில கூட்டாளிங்களோட ஒக்காரும், முடிச்சுட்டு அடுத்த படிக்குப் போவும். நாலு நாளு சாமை அறுக்கப் போயிட்டு வந்தாலும் விட்ட எடத்துலேருந்து தொடங்கலாம். ‘நேத்து ஏன்டா வரல’ன்னு கேட்டுட்டு நீங்க அடுத்த பாடத்துக்குப் போயிட வேண்டிய அவசியம் இல்ல. கரும்பலகைய புள்ளைங்க கைக்கெட்டற மாதிரி செவுத்துக்குக் கீழ சுத்தி அடிச்சிருப்பாங்க, ஆளுக்கு ஒரு கட்டம்.

2003-ல சென்னை மாநகராட்சியில ஆணையரா இருந்த விஜயகுமார் ஐ.ஏ.எஸ். வாத்தியாருங்களை அங்க அனுப்பி, பாத்துட்டு வாங்கன்னாரு. மொதல்ல மாநகராட்சிப் பள்ளிங்கள்ல செஞ்சு பாத்தாங்க. 2007 வாக்குல செயல்வழிக் கற்றல்னு தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாத்துலயும் வந்துடுச்சு. ஓராசிரியர் பள்ளியில பொறந்த யோசனை ஒரு மாநிலத்துக்கே கொள்கையாப் போச்சு. ராவு தம்பதி ரிஷிவேலியவிட்டு அசையல, யோசனைதான் பஸ் ஏறுச்சு.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. உத்தரவாப் போனா எதுவும் உத்தரவு மாதிரிதானே ஆவும். சில எடத்துல அட்டைங்க கிழிஞ்சிடப் போவுதுன்னு கட்டு பிரிக்காமலே பத்திரமா வச்சிருந்தாங்க. அதிகாரி வர்ற அன்னிக்கு மட்டும் பாயில எறங்கும். அட்டையில தப்பு இல்ல. அதைச் செஞ்சவங்களுக்கு அது வேண்டியிருந்துச்சு, வாங்கினவங்களுக்கு வந்து எறங்குச்சு, அவ்வளவுதான். இப்ப 2022-லேருந்து எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம். ஒண்ணு, ரெண்டு, மூணு மூணையும் சேத்து ஒக்கார வச்சு, அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு. பேரு மாறுச்சு, பாயி அதேதான்.

நான் ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, காலையில ஒங்க ரூமு ஜன்னல் வழியா நான் பாக்கறேன் சார். மொட்டுக்குக் கழித்தல் போட்டுட்டு இருக்கறப்ப அரும்பு ஒண்ணுக்குன்னு எழுந்திரிக்கும், நாலாங்கிளாஸு அஞ்சாங்கிளாஸ் நோட்டைக் கிழிக்கும், சத்துணவு ஆயா முட்டை எத்தினின்னு வந்து நிக்கும். நடுவுல நீங்க போனைத் தூக்கினு பாறை மேல ஏறுவீங்க, எமிஸ்ல வருகை போட. சிக்னலு ஒரு கோடு வரும், போயிடும். நீங்க எறங்கி வர்றதுக்குள்ள, அந்த அஞ்சாங்கிளாஸுப் பொண்ணு இருக்கே, ஆட்ட அவுத்து விட்டுட்டு வர்ற புள்ள, அது ஒங்க சாக்பீஸ எடுத்துச் சின்னதுங்களுக்குக் கழித்தல் சொல்லிக் குடுக்குது. கடன் வாங்கிக் கழிக்கறத, ஒரு குவியல்லேருந்து புளியங்கொட்டை எடுத்து இன்னொண்ணுல போட்டுக் காட்டுது. நீங்க பாத்ததில்ல, பாறை மேல இருந்தீங்க. அத எந்தக் கமிட்டியும் பாத்ததில்ல, அவங்க இன்னும் ஒசரத்துல இருந்தாங்க. அந்தப் புளியங்கொட்டைய ஒரு நோட்டுல எழுதி வைங்க. கொள்கைன்னு பேரு வைக்க வேணாம், பயப்படும்.

நான் சொல்றேன்னு நீங்க நிக்கப் போறதில்ல. விண்ணப்பத்த ஏற்கெனவே அனுப்பிட்டீங்கன்னு ஜமுனாமரத்தூர் டீக்கடையில பேச்சு. போங்க சார், நல்லாப் போங்க. நாலு வாத்தியாரு மேல போனாத்தான் நாப்பது வருசம் கழிச்சாவது ஒரு சேதி கீழ வரும். டெல்லியில ஒக்காந்து பேனாவை எடுத்ததும், ஓராசிரியர் பள்ளியே இருக்கக்கூடாதுன்னுதான் மொத வரி எழுதுவீங்க, ஒங்க மனசு எனக்குத் தெரியும். எழுதுங்க. எழுதறப்ப நம்ம பள்ளிக்கூடத்துக்குன்னு தனியா ரெண்டு பேரைக் கேட்டுப் போடுங்க. ஒருத்தரு, 1987-லேருந்து வரவேண்டிய பாக்கி. இன்னொருத்தரு, நீங்க எழுந்து போன எடத்துக்கு.